ஜானகியம்மாளுக்குக் கண்டம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் துளசிராமன். செயலாளர் அன்புசெல்வன். அறங்காவலர் செண்பகம். மெக்கானிக் குணா, வாசற்படிக்கு வெளியே. சலவைப் பிரிவு ஆசீர்வாதம், நின்றபடி. அமரர் ஜானகியம்மாள், சுவரில், மாலையோடு.

பேச வேண்டியது ஒரே விஷயம். துணி காயவைக்கும் டிரையர் நின்றுபோயிருந்தது. அதைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? இதற்கு எதற்குக் கூட்டம் என்று ஆசீர்வாதத்துக்குப் புரியவில்லை. ஆனால் அவர் நின்றுகொண்டிருந்தார். நிற்பவர்களிடம் கருத்துக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் இருக்கிறது மறுஎழுச்சி இல்லம். ஷெட் கூரையிலிருந்து விழுந்தவர்கள், கிரேனிலிருந்து நழுவிய இரும்பை முதுகில் வாங்கியவர்கள், இப்படி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே வந்து படுத்தவர்களில் இதுவரை ஒருவரும் எழுந்ததில்லை. பெயர் வைத்தவர்கள் முதலாளிகள். காலையில் எழுந்திருப்பதில் அவர்களுக்குச் சிரமம் இருந்ததில்லை.

ஆசீர்வாதத்தின் மகன் பென்னி அங்கே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்ற மேலே ஏறினான், ஷீட் உடைந்தது, அவ்வளவுதான் கதை. மனைவி முத்தம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆசீர்வாதம் ரோலிங் மில் வேலையை விட்டுவிட்டு, மகன் பக்கத்திலேயே இருக்கலாம் என்று இல்லத்தில் துணி துவைக்க வந்து சேர்ந்தார்.

இல்லத்தில் இருந்த எல்லாப் பொருள்களும் யாரோ செத்ததால் வந்தவை. பென்னியின் கட்டில் ஒரு போல்ட் கம்பெனிக்காரரின் தாய்மாமன் நினைவாக. அவன் தலைக்கு மேலிருந்த ஃபேனின் மூன்று இறக்கைகளில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர். ஃபேன் சுற்றும்போது மூவரும் கலந்துபோவார்கள். கரண்ட் போனால்தான் தனித்தனியாகப் படிக்க முடியும். டியூப்லைட்டில் எழுத்து அதிகம், வெளிச்சம் குறைவு. பென்னிக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. "இன்னிக்கு மாமா ரொம்ப முனகறாரு நைனா, கொஞ்சம் எண்ணெ வுடு" என்று கட்டிலைக் காட்டிச் சொல்வான். பக்கத்துக் கட்டில் எட்வர்ட் சிரிப்பான்.

டிரையர், தலைவர் துளசிராமன் தன் தாயார் நினைவாகக் கொடுத்தது. அதன் வட்டக் கண்ணாடிக் கதவில் ஜானகியம்மாளின் படத்தை ஒட்டியிருந்தார்கள். மெஷின் ஓடும்போது அம்மாளின் முகத்துக்குப் பின்னால் நோயாளிகளின் போர்வையும் வேட்டியும் புரண்டுகொண்டிருக்கும். வாங்கிய காலத்திலேயே அது ஏதோ ஓட்டல் கழித்துக்கட்டிய மெஷின். ஆனால் அதைப் பழைய மெஷின் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது அம்மா. 'அம்மாவ ஆன் பண்ணு', 'அம்மா சத்தம் போடுது', 'அம்மா வாயில ஒரு சாக்ஸ் மாட்டிக்கினு கீது' என்றுதான் பேச்சு.

டிரையர் இல்லாமல் அங்கே துணி காயாது. வெளியே உலர்த்தினால், மழை இல்லாத நாளில் சுற்றியிருக்கும் மில்களின் கரித்தூள் வந்து படியும். வெள்ளை விரிப்பு சாயங்காலத்துக்குள் சாம்பல் விரிப்பாகிவிடும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. இப்போது மழை பிடித்துக்கொண்டிருந்தது. வராந்தாவில் கட்டிய விரிப்புகள் காயாமல் புளிப்பு நாற்றம் அடித்தன. அவற்றைத்தான் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

பென்னிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்திருந்தது. அவனுக்கு அது வலிக்காது. அதுதான் அதிலுள்ள ஆபத்து. நர்ஸ் மெர்சி கட்டைப் பிரித்துக் காட்டினாள். "மருந்து பாதி, காஞ்ச துணி பாதிண்ணே. ஈரம் பட்டுக்கினே இருந்தா இது உள்ள தோண்டிக்கினே பூடும். எப்டியாவது அந்த மெஷின ஓட வை" என்றாள். அதற்காகத்தான் ஆசீர்வாதம் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

குணா வாசற்படிக்கு வெளியே இருந்தபடியே சொன்னான். "சார், டிரம்மு துருப்புடிச்சி ஓட்டயா கீது. பேரிங் காலி. காயில் காலி. ரிப்பேர் பண்ணா கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் பேஜாருதான். பேசாம கண்டம் பண்ணிட்டு புச்சு வாங்கிடுங்க."

ஓடாத பஸ்ஸை டெப்போவில் ஓரங்கட்டுவதற்கு எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் துளசிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருக்குக் கண்டம்?"

குணா யோசிக்கவில்லை. "அம்மாக்குத்தான் சார்."

செயலாளர் அன்புசெல்வன் எழுதுவதை நிறுத்தினார். எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பேசினார். "பெத்தவள ரிப்பேர் பண்றதா மாத்தறதான்னு என்னாண்டயே கேக்கறீங்க. நான் எங்கம்மாவ கடைசி வரைக்கும் பெரிய ஆஸ்பத்திரியில, ஏசி ரூம்ல வச்சிருந்தேன். ஒரு நாள் கூடப் போய்ப் பாக்கல. அவ்ளோ பாசம். தாங்கமாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

தன் அம்மாவுக்குக் கண்டம் இருப்பதாக ஜோசியர் முன்னொரு தடவை சொன்னதையும், பரிகாரம் செய்ததும் அம்மா பிழைத்துக்கொண்டு நாலு வருஷம் எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்ததையும் அவர் நினைவுகூர்ந்தார். அறங்காவலர் செண்பகம், அப்படியானால் இதற்கும் பரிகாரம் செய்து பார்க்கலாமே என்றார். குணா சொன்ன கண்டம் வேறு, ஜோசியர் சொன்ன கண்டம் வேறு என்று சொல்ல ஆசீர்வாதம் வாயைத் திறந்தார். அதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பெரியபாளையத்திலிருந்து ஒரு பூசாரி வந்தார். மெஷினின் நட்சத்திரம் கேட்டார். அன்புசெல்வன் ஜானகியம்மாளின் நட்சத்திரத்தைச் சொன்னார். பூசணிக்காய் உடைத்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மெஷினின் எல்லா ஓட்டைகளிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதுவரை சுவிட்சைப் போட்டால் முனகவாவது செய்தது. மஞ்சள் தண்ணீருக்குப் பிறகு பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கற்பூர வாசனை வந்ததாக அன்புசெல்வன் குறித்துக்கொண்டார்.

பரிகாரத்தில் குறை ஏதோ இருந்திருக்கிறது என்று முடிவு செய்து, அடுத்தபடியாகப் பழுது பார்க்க ஒத்துக்கொண்டார்கள். ஆனால் உதிரி பாகங்களையும் யாராவது நினைவாகத்தான் வாங்க முடியும். பெல்ட்டை ஒருவர் தன் பெரியப்பா நினைவாகக் கொடுத்தார். பேரிங், பால்ய நண்பன் ஒருவன் நினைவாக. ஹீட்டர் காயிலைக் கொடுத்தவர் பித்தளைப் பலகை செய்து அனுப்பியிருந்தார். பெல்ட்டும் காயிலும் உள்ளே இருப்பவை. பெயர் வெளியே தெரிய வேண்டும். முன்பக்கம் முழுக்க ஜானகியம்மாள். இரண்டு பக்கமும் பெரியப்பாவும் பால்ய நண்பனும். மீதி இருந்த ஒரே இடம், பின்னால் சூட்டுக் காற்று வெளியேறும் வாய். "அது மூச்சு வுடற எடம் சார்" என்றான் குணா. பலகையை அங்கேதான் அறைந்தார்கள்.

ஒரு மத்தியானம் மெஷின் ஓடியது. ஆசீர்வாதம் முதல் வேலையாக மகனுடைய விரிப்புகளைப் போட்டார். ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. துணி காயவில்லை, வெந்தது. கொதிக்கக் கொதிக்க, சொட்டச் சொட்ட வந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு பென்னி, "இட்லித் துணி மாரி கீதே நைனா, சட்னி எங்க?" என்றான். சாயங்காலத்துக்குள் காயில் கருகியது. கொடுத்தவரின் பெயர் மட்டும் பளபளவென்று இருந்தது.

புண் அதற்குள் ஆழமாகிவிட்டது. கட்டுப் போடும்போது மெர்சி இப்போது ஆசீர்வாதத்தை வெளியே போகச் சொன்னாள்.

மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை யாரும் பழுது பற்றிப் பேசவில்லை. புதிது வாங்கலாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஜானகியம்மாள் மெஷின் மாலையோடு இருந்த இடத்திலேயே இருக்கும், புதியது வேறு அறையில் வரும் என்று துளசிராமனும் இறங்கி வந்தார். கொடுக்கவும் ஆள் தயார். ஒன்றுதான் இல்லை.

"இப்போதைக்கு யாரோட ஊட்லயும் யாரும் தவறல" என்றார் அன்புசெல்வன். எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டாராம்.

அறை கவலையில் ஆழ்ந்தது. அப்போது செண்பகம், தன் மாமியார் சென்னையில் ஐசியூவில் இருப்பதாகவும், டாக்டர்கள் கைவிரித்துவிட்டதாகவும், அப்படி ஏதாவது ஆனால் டிரையர் தன்னுடைய பொறுப்பு என்றும் கண்கலங்கச் சொன்னார். துளசிராமன் இல்லத்தின் சார்பில் நன்றி தெரிவித்தார். செண்பகத்தின் அடுத்த வேண்டுகோளும் உடனே ஏற்கப்பட்டது: மாமியார் நலம் பெற நோயாளிகள் எல்லாரும் கூட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டும்.

மறுநாள் காலை வார்டில் பிரார்த்தனை நடந்தது. எழ முடியாதவர்கள் படுத்தபடி கைகூப்பினார்கள். ஆசீர்வாதம் மகன் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்த அம்மா பிழைத்தால் மெஷின் இல்லை. சாகட்டும் என்று கேட்க ஏசுவிடம் வாய் வரவில்லை. கடைசியில், ஆண்டவரே, உமக்கே தெரியும் என்று மட்டும் சொன்னார்.

"இன்னா நைனா வேண்டிக்கின?" என்றான் பென்னி.

"நல்லதுதான்டா."

"யாருக்கு?"



நாலைந்து நாள் கழித்து அன்புசெல்வன் வார்டுக்கு வந்தார். துக்கம் சொல்லவந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செண்பகம் மேடத்தோட மாமியார் பொழைச்சிட்டாங்க" என்றார். சில நோயாளிகள் உச்சுக் கொட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஆசீர்வாதம், அழைக்காமலேயே துளசிராமனின் அறைக்குள் போனார். செயலாளரும் அங்கே இருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று அவர் வழியெல்லாம் யோசித்துவைத்தது எதுவும் வாயில் வரவில்லை.

"என் பேரப் போட்டுக்குங்க சார்."

"எதுக்கு?"

"போர்டுல. அமரர் ஆசீர்வாதம் நினைவாகன்னு. மேடம் மெஷின வாங்கிக் குடுக்கட்டும்."

துளசிராமன் செயலாளரைப் பார்த்தார். "நீங்கதான் உயிரோட இருக்கீங்களே" என்றார் அன்புசெல்வன்.

"எழுதறதுக்குத்தான சார். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். யாராச்சும் கேட்டா செத்துட்டேன்னே சொல்லுங்க. பையன் ஒடம்பு அழுகுது சார்."

அவர்கள் அதை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. உண்மையாகவே விவாதித்தார்கள். உயிரோடு இருப்பவரை அமரர் என்று எழுதுவது மெஷினுக்கு ஆகுமா என்று ஒரு சந்தேகம். நாளைக்கு இவர் நிஜமாகவே இறந்தால் அப்போது எதை வைப்பது என்று இன்னொரு சந்தேகம். கடைசியில் துளசிராமன் எழுந்து வந்து ஆசீர்வாதத்தின் தோளில் கைவைத்தார்.

"உங்க மனசு பெரிய மனசு. ஆனா நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல. இத்தன வருஷத்துல நாங்க ஒரு பொய்யான சாவுக்கும் போர்டு வச்சதில்ல. அவசரப்படாதீங்க. எல்லாருக்கும் ஒரு நேரம் வரும்."

பென்னிக்குக் காய்ச்சல் அடித்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மெர்சி யாரிடமும் கேட்காமல் ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தாள். சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கவரைப்பேட்டை தாண்டியதும் பென்னி கண்ணைத் திறந்தான். வண்டியின் உள்கூரையிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"இது யாரு நைனா?"

"யாரோ கிரானைட்காரருடா."

"நல்ல மனுசன். குலுங்கவே இல்ல."

அதற்கு மேல் அவன் தெளிவாகப் பேசவில்லை. புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவன் செத்த கட்டிலில் யார் பெயரும் இல்லை, ஒரு நம்பர்தான். உடம்பைத் தூக்கிய பிறகு ஆசீர்வாதம் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். மறுபடி ஊறுவதற்குள் பெட்டியை இறக்க வேண்டும் என்று பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார்.

ஆசீர்வாதம் வேலைக்குத் திரும்பிய அன்று அவரை அறைக்குக் கூப்பிட்டார்கள். மூவரும் இருந்தார்கள். முதல் தடவையாக அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் அது யார் நினைவாக என்று அவர் குனிந்து பார்த்தார், பழக்கம்.

துளசிராமன் மெல்லச் சொன்னார். "ஆசீர்வாதம், இப்ப உங்களாண்ட ஒரு நினைவு இருக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. செண்பகம் விளக்கினார். மெஷினைத் தானே வாங்கித் தருவதாகவும், பென்னி பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றும், அப்பாவாக அவர் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும் என்றும் சொன்னார். ஒரு தொழிலாளியின் பெயரில் ஒரு பொருள் வருவது இந்த இல்லத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை என்று அன்புசெல்வன் சேர்த்துக்கொண்டார்.

"பேர் இல்லாம வாங்க முடியாதா மேடம்?" என்றார் ஆசீர்வாதம்.

மூவரும் அவரைப் பார்த்தார்கள். கோபம் இல்லை. பாவம், பிள்ளை போன துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை என்கிற பார்வை. செண்பகம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தினார்.

அன்று காலையில்தான் மெர்சி எட்வர்ட்டைப் புரட்டிக் காட்டியிருந்தாள். பென்னிக்கு ஆரம்பித்த அதே இடத்தில், அதே மாதிரி சிவப்பு. இன்னும் தோல் கிழியவில்லை. கிழியாமல் இருக்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.

"போட்டுக்குங்க" என்றார்.

மெஷின் வந்தது. தனி அறை, புது டைல்ஸ், புதுக் கதவு, புதுப் பூட்டு. கதவு மேலே கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் 'அமரர் பென்னி நினைவாக'. அதற்குக் கீழே, இன்னும் பெரிய எழுத்தில், செண்பகத்தின் பெயர். திறப்பு விழாவன்று மழை விடவில்லை. துளசிராமன் ரிப்பன் வெட்டினார். மெஷினுக்கு மாலை போட்டார்கள். ஷாமியானா ஒழுகியதால் எல்லாரும் ஹாலுக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரக்கூடிய நோயாளிகளைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எட்வர்ட் ஈர விரிப்பின் மேல் கவிழ்ந்து படுத்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துளசிராமன் எழுதிவைத்த பேச்சைப் படித்தார். "நண்பர்களே, இன்றைய உலகத்தில் மனிதர்களின் நெஞ்சு காய்ந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் வறட்சி. ஆனால் நம் இல்லத்தில் மட்டும் ஈரம் காயவில்லை. நான் பெருமையோடு சொல்வேன், நாங்கள் இருக்கும் வரை இந்த இல்லத்தில் ஈரம் காயவே காயாது."

பலத்த கைதட்டல். நோயாளிகளும் தட்டினார்கள். ஆசீர்வாதம் சுற்றிலும் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தார். சிரிக்கக்கூடிய ஒருவன் அங்கே இல்லை.

நன்றியுரையில் அன்புசெல்வன் ஒரு அறிவிப்புச் செய்தார். ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து மிகப் பெரிய மனிதர் ஒருவர் வந்து புதிய மெஷினைப் பார்வையிட இருக்கிறார். அதுவரை அந்த அறை பூட்டியே இருக்கும். நோயாளிகளின் துணியைப் போட்டு நாற்றமோ கறையோ ஆகிவிட்டால் மறைந்த தம்பி பென்னியின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆண்டு விழா தை மாதத்தில். எல்லாரும் இப்போது நாஷ்டா சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நாற்காலிகள் நகர்ந்தன. பொங்கல் வாசனை வந்தது. ஆசீர்வாதம் பின்வரிசைக்குப் போனார். மெர்சியும் அவரும் எட்வர்ட்டை ஒருக்களித்துப் பிடித்து, ஈர விரிப்பை உருவினார்கள். மெர்சி தன் துப்பட்டாவை மடித்து அவனுக்கு அடியில் வைத்தாள்.

"எங்கண்ணே எடுத்துக்கினு போற?"

"காயப்போட."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

போகும் வழியில் வராந்தாக் கொடியில் தொங்கிய மற்ற விரிப்புகளையும் ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. புது அறையின் கதவு திறந்தே இருந்தது. சாவி, அறுத்த ரிப்பன் துண்டோடு, கதவுப் பூட்டிலேயே தொங்கியது. ஹாலிலிருந்து அன்புசெல்வன் வாயில் பொங்கலோடு பார்த்துவிட்டார். "ஆசீர்வாதம், அங்க இன்னா பண்றீங்க, அத தொடாதீங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இலையை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆசீர்வாதம் சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டார். மெஷின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தி, சாவியை உள்பக்கமாகப் போட்டு, இரண்டு சுற்றுத் திருப்பினார்.